மொழியையே பட்டமாகப் படிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. ஜப்பானியமோ ஜெர்மனோ பல்கலைக்கழகத்தில் பட்டமாகவே படிக்க ஆசை. வீட்டில், "மொழியை மாலை வகுப்பில் படித்துக்கொள்ளலாம், பட்டத்துக்கு வேறு ஏதாவது எடு" என்கிறார்கள். நண்பர்களோ, "போனே மொழிபெயர்த்துத் தருகிறது, இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்கிறார்கள். கடைசியில் "என்ன வேலை கிடைக்கும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்வதென்றால் வேலைகளின் பட்டியல் ஒன்றே போதும். ஆனால் உங்கள் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாலை வகுப்பு தராத எதைப் பட்டப்படிப்பு தருகிறது? நீங்கள் படித்து முடிக்கும்போது அந்தத் திறமைக்குக் கூலி கொடுக்க ஆள் இருப்பார்களா? நான் பல ஆண்டுகளாகப் பல்கலைக்கழக மொழித் துறையில் ஜெர்மன் கற்பிக்கிறேன். சட்ட ஆவணங்களும் தொழில்நுட்ப ஆவணங்களும் மொழிபெயர்க்கிறேன். இந்த இரண்டையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். தூதரகம், விமானச் சேவை போன்ற இடங்களை என் மாணவர்கள் வழியாகத்தான் அறிவேன். ஜப்பானியத்தை மொழியியல் படித்தவன் என்ற அளவில் தெரியும், பேசத் தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பட்டத்துக்கும் வகுப்புக்கும் உள்ள வேறுபாடு. மொழி நிறுவனங்களின் வகுப்புகள் தேர்வை நோக்கி நடக்கின்றன. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறனுக்கான பொதுச் சட்டகத்தில் தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை ஆறு நிலைகள் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2). ஜெர்மனுக்குக் கோதே நிறுவனத் தேர்வுகள், பிரெஞ்சுக்கு டெல்ஃப், டால்ஃப், ஸ்பானியத்துக்கு டெலே எல்லாம் அந்த ஏணியைப் பின்பற்றுபவை. ஜப்பானியத்துக்கு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள். 2010-க்கு முன் நான்குதான் இருந்தன. வேலை கொடுப்பவர்களில் பலர் உங்கள் பட்டத்தைப் பார்க்கும் முன் இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அந்த அளவில் உங்கள் வீட்டார் சொல்வது சரி. ஆனால் சான்றிதழ் எதை அளக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானியத் தேர்வில் சொந்தமாக எழுதிக் காட்டும் பகுதியும் கிடையாது, பேசிக் காட்டும் பகுதியும் கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். உச்ச நிலையான என்1-ஐத் தாண்டியவர் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதத் தடுமாறலாம். அதில் வியப்பில்லை, அவரிடம் அதை யாரும் கேட்கவே இல்லை. கோதே தேர்வுகள் எழுத்தையும் பேச்சையும் சேர்த்தே அளக்கின்றன. ஆனால் எந்தத் தேர்வானாலும் தெரிந்த வகைக் கேள்விகளுக்குள்தான் நிற்கும்.

பட்டப்படிப்பு, குறைந்தபட்சம் நல்ல துறையில், முதல் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு திசை மாறுகிறது. ஒலியியல், சொல் எப்படி உருவாகிறது, வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது, அந்த மொழி பேசுவோரின் வரலாறு, இலக்கியம், மொழிபெயர்ப்புப் பயிற்சி, நீண்ட கட்டுரை எழுதுவது என்று போகும். "இதெல்லாம் வேலைக்கு எதற்கு?" என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் கேட்கிறார்கள். இலக்கிய வகுப்பில் ஒரு பத்தியை எடுத்து, இதைச் சொல்பவர் யார், எதை மறைக்கிறார், ஏன் இங்கே காலம் மாறுகிறது என்று ஒரு மணி நேரம் பேசிப் பழகியவர்தான் பிறகு ஓர் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவும் பதினோராவது பிரிவும் முரண்படுவதைக் கண்டுபிடிக்கிறார். இலக்கியத்தில் நன்றாக இருந்த மாணவர்கள் சட்ட மொழிபெயர்ப்பிலும் நன்றாக வந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இது ஆய்வு முடிவு அல்ல, என் கவனிப்பு மட்டுமே.

அடுத்து, யாரும் உட்கார்ந்து கணக்குப் போடாத ஒன்று: மணிக்கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் நிறுவனம் நடத்துகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பணிக்குத் தேவையான தேர்ச்சி பெற எத்தனை வகுப்பு மணி வேண்டும் என்று தன் அனுபவத்திலிருந்து அது ஒரு மதிப்பீடு வைத்திருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானியம் போன்றவற்றுக்கு 600 முதல் 750 மணி. ஜெர்மனுக்கு ஏறக்குறைய 900. ரஷ்யன், இந்தி, நம் தமிழ் போன்றவற்றுக்கு 1,100. ஜப்பானியம், சீனம், கொரியன், அரபுக்கு 2,200. இது முழுநேரமாகப் படிக்கும் பெரியவர்களுக்கான கணக்கு. வீட்டுப்பாட நேரம் இதில் சேராது. இப்போது ஒரு பட்டப்படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 12 மணி மொழி வகுப்பு, ஆண்டுக்கு 30 வாரம், மூன்று ஆண்டு என்று வைத்தால் 1,080 மணி. ஜெர்மனுக்குப் போதும். ஜப்பானியத்துக்குப் பாதி வழிதான். வாரத்துக்கு நான்கு மணி நடக்கும் மாலை வகுப்பில் அதே 1,080 மணியை எட்ட, இடைவெளியே விடாமல் போனாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். வீட்டாரிடம் பேசும்போது இந்த எண்ணை முன்வையுங்கள். "ஆசை" என்று சொல்வதைவிட இது அவர்களுக்குப் புரியும்.

தமிழர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது, எவ்வளவு மாறும் என்பதற்கு உறுதியான எண்ணும் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது கட்டமைப்பு. ஜப்பானியத்தில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வேற்றுமை உருபு போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டும் இடைச்சொற்கள் உண்டு. "நேற்று வந்த பையன்" என்பது போல விளக்கும் பகுதி பெயருக்கு முன்னால் நிற்கும். "போய், வாங்கி, வந்து" என்று நாம் வினையெச்சங்களைக் கோப்பதுபோல அவர்களும் கோக்கிறார்கள். ஆங்கிலம் பேசுபவர் மாதக்கணக்கில் போராடும் இடத்தில் நீங்கள் இயல்பாக நடந்துவிடலாம். ஆனால் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், யாருக்கும் சலுகை தருவதில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புகள். ஜெர்மனில் நிலைமை வேறு: மூன்று பால், நான்கு வேற்றுமை, துணைவாக்கியத்தில் மட்டும் கடைசிக்கு ஓடும் வினை. ஆனால் ஆங்கிலம் தெரிந்திருந்தால் அடிப்படைச் சொற்களில் பாதி முகங்கள் பழகியவையாகத் தோன்றும்.

பி2 என்ற நிலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் படித்தவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் நிற்கிறார்கள். பி2 வந்தால் செய்தி வாசிக்கலாம், அலுவலகக் கூட்டத்தில் பேசலாம், படம் பார்த்து ஏறக்குறைய எல்லாம் புரிந்துகொள்ளலாம். மொழி வந்துவிட்டது என்ற நிறைவு வரும். ஆனால் மொழியையே தொழிலாகக் கொண்டு சம்பாதிக்க ஆரம்பிப்பது சி1-க்கு மேல்தான். பி2-இல் இருப்பவர் வாக்கியத்தின் கருத்தைப் பிடிக்கிறார். ஆனால் "தர வேண்டும்", "தரலாம்", "தரக் கடமைப்பட்டவர்" என்பவற்றுக்கு இடையே இருக்கும் கோடுகளைத் தவறவிடுகிறார். அந்தக் கோடுகளுக்குத்தான் வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். பி2-இலிருந்து சி1-க்குப் போவது இலக்கணப் புத்தகத்தால் நடப்பதில்லை. நிறைய வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், எழுதியதை இரக்கமில்லாமல் திருத்த ஒருவர் வேண்டும். மூன்றாம் ஆண்டில் பட்டப்படிப்பு தரக்கூடிய மிகப் பெரிய பொருள் அந்தத் திருத்தும் ஆள்தான். அதோடு அந்த மொழி பேசும் நாட்டில் ஒரு பருவமாவது இருக்கும் வாய்ப்பு. ஐரோப்பாவில் 1987-இலிருந்து நடக்கும் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் இதற்காகவே பிறந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பல பல்கலைக்கழகங்களும் இப்போது அதில் கூட்டாளிகள். நீங்கள் சேரப்போகும் துறைக்கு இப்படிப் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறதா, கடந்த ஆண்டுகளில் உண்மையிலேயே யாராவது போனார்களா என்று கேளுங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு.

இனி வேலை. மொழியே தொழிலாக இருக்கும் இடங்கள் ஒரு வகை. வேறொரு தொழிலுக்கு மொழி சேர்க்கையாக இருக்கும் இடங்கள் இன்னொரு வகை. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் ஒருவர் "மொழி படித்தால் ஐ.நா. போகலாம்" என்றும் மற்றொருவர் "மொழி படித்தால் சோறு இல்லை" என்றும் சொல்கிறார்கள்.

ஐ.நா. பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பதால். அங்கே அலுவல் மொழிகள் ஆறு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யன், சீனம், அரபு. அரபு 1973-இல்தான் சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் அந்த ஆறில் தனக்கு முதன்மையாக இருக்கும் மொழிக்குள் மொழிபெயர்ப்பார். பொதுவாக இன்னும் இரண்டு அலுவல் மொழிகளிலிருந்து. தமிழ் அந்த ஆறில் இல்லை. ஆகவே நம்மவர் ஒருவர் அங்கே போக வேண்டுமென்றால், ஆங்கிலத்தைத் தாய்மொழிக்காரர் அளவுக்கு எழுத வேண்டும், அதோடு பிரெஞ்சும் வேறொன்றும் வேண்டும், பிறகு போட்டித் தேர்வு. ஜெர்மனும் ஜப்பானியமும் அங்கே உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 அலுவல் மொழிகள். உலகின் மிகப் பெரிய மொழிபெயர்ப்பு அமைப்புகளில் ஒன்று அது. ஆனால் நிரந்தரப் பணிக்கு உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். இந்த இரண்டு கதவுகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி மூன்று ஆண்டைத் திட்டமிட வேண்டாம்.

உரைபெயர்ப்பு, அதாவது பேசப்படுவதை அங்கேயே இன்னொரு மொழியில் சொல்வது, தனிக் கலை. காதில் கேட்டுக்கொண்டே வாயில் பெயர்க்கும் உடனடி முறை பெரிய அளவில் நிலைபெற்றது 1945 நவம்பரில் தொடங்கிய, நாஜித் தலைவர்கள்மீதான நியூரம்பர்க் விசாரணையில். ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என்று நான்கு மொழிகள். ஒருவர் பேசி முடித்த பிறகு ஒவ்வொன்றாகப் பெயர்த்திருந்தால் விசாரணை பல மடங்கு நீண்டிருக்கும். இன்றும் மாநாட்டுக் கூண்டுக்குள், அதாவது அரங்கில் உரைபெயர்ப்பாளருக்கென உள்ள சிறு அறைக்குள், இருவர் உட்கார்ந்து இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அதற்கு மேல் மூளை தாங்காது, பிழை கூடிவிடும். இந்தத் தொழிலுக்கு இளநிலைப் பட்டம் நுழைவாயில் மட்டும்தான். ஜெனீவாவில் 1941-இல் தொடங்கிய பள்ளி போன்ற இடங்களில் முதுநிலைப் பயிற்சி, அதற்கு முன் கடுமையான நுழைவுத் தேர்வு. நன்றாக மொழி தெரிந்தவர்களிலும் பலருக்கு இந்தத் தனித்திறன் வருவதில்லை. அது குறையல்ல, வேறு வகை மனம் அது.

ஆனால் உரைபெயர்ப்பில் மாநாட்டுக் கூண்டு ஒரு மூலைதான். நீதிமன்றம், மருத்துவமனை, புகலிட விசாரணை, பள்ளி என்று இன்னொரு பெரிய உலகம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை மொழி தெரியாவிட்டால் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையை உறுதிசெய்கிறது. தமிழர்கள் குடியேறி வாழும் நாடுகளில் தமிழுக்கும் ஜெர்மனுக்கும், தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே பேசிக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. இங்கே தமிழ் உங்களுக்குச் சொத்து. பெரும்பாலும் மணிக்கணக்கில் கூலி, வருமானம் சீராக வராது. மனத்தைப் பிழியும் வேலையும்கூட. ஒருவரின் வாழ்நாள் துயரத்தை "நான்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதைச் செய்பவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மொழித் துறைகள் இதை ஒரு தொழிலாகவே மாணவர்களுக்குக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

எழுத்து மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். உங்கள் நண்பர்களின் கேள்வியும் இங்கேதான். உறுதியானதை முதலில் சொல்கிறேன். 2016-இல் கூகுள் தன் மொழிபெயர்ப்பை நரம்பு வலையமைப்பு முறைக்கு, அதாவது ஏராளமான எழுத்திலிருந்து கணினி தானே கற்கும் முறைக்கு, மாற்றியது. அடுத்த ஆண்டு வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய வலையமைப்பு வடிவம் தரத்தை வேகமாக உயர்த்தியது. சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெரிய மொழி மாதிரிகளும் அதன் மேல் நிற்பவைதான். ஜெர்மன்-ஆங்கிலம் போல ஏராளமான எழுத்து கிடைக்கும் மொழி இணைகளில் முதல் வரைவை இயந்திரம் நன்றாகவே தருகிறது. பொருள் விளக்கக் குறிப்பு, பயன்பாட்டுக் கையேடு, வழக்கமான கடிதம் ஆகியவற்றை முதலிலிருந்து எழுதித் தரும் வேலை குறைந்துவிட்டது. புதிதாக வருபவர்கள் கை பழகிக்கொண்டது அந்த வேலைகளில்தான். ஆகவே அடி அதிகமாக விழுந்திருப்பது தொடக்க நிலையில். மீதியில் ஒரு பெரும் பகுதி இயந்திரம் தந்ததைத் திருத்துவது. அதற்கென்றே 2017-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 18587 என்ற தரநிலை வந்தது. சொல்லுக்கான கூலி அதில் குறைவு. சலிப்பான வேலையும்கூட.

எது மிஞ்சுகிறது? யாராவது கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டிய எல்லாம். பிறப்புச் சான்றிதழ் முதல் நீதிமன்றத் தீர்ப்பு வரை, சான்றளித்த மொழிபெயர்ப்பை ஏற்கும் அலுவலகத்துக்கு, தவறினால் கேள்வி கேட்க ஒரு மனிதர் வேண்டும். இயந்திரத்தின் பிழைகள் பழைய காலத்துப் பிழைகள் போல முகத்தில் அறைவதில்லை; சரளமான வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும். ஒரு "இல்லை" விழுந்திருக்கும். ஒரு நிபந்தனை இடம் மாறியிருக்கும். ஜெர்மனில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள், 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. பக்கம் முழுவதும் சரியாக இருந்து அந்த ஒன்று மட்டும் ஒன்றேகால் ஆகிவிட்டால், மருந்தளவிலோ கடன் தொகையிலோ என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இதைப் பிடிக்க இரு மொழியும் துறையும் தெரிந்த கண் வேண்டும். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை, மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஆக மூன்று வழிகளையும் அது ஏற்கிறது: மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு பட்டமும் இரண்டு ஆண்டு முழுநேர அனுபவமும், அல்லது பட்டம் இல்லாமல் ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம். பட்டத்தின் மதிப்பை இந்த உலகம் எப்படி எடைபோடுகிறது என்பதற்கு இது ஒரு நேரான அளவு.

சந்தேகத்துக்குரியது எதிர்காலம். பத்து ஆண்டு கழித்து இந்தத் தொழிலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்பவரை, அவர் எந்தப் பக்கம் பேசினாலும், நம்பாதீர்கள். என் கணிப்பு இதுதான்: சாதாரண மொழிபெயர்ப்பாளருக்கு இடம் சுருங்கும், ஒரு துறையை ஆழமாக அறிந்தவருக்கு இடம் இருக்கும், நடுவில் இருப்பவர்கள் வேறு வேலைகளுக்கு நகர்வார்கள். தமிழும் ஜெர்மனும், தமிழும் ஜப்பானியமும் போன்ற இணைகளில் இயந்திரத்துக்குப் பயிற்சி தர நேரடி எழுத்து குறைவு என்பதால் அங்கே மனிதர் தேவை கொஞ்சம் நீடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இணைகளில் வேலையின் அளவும் சிறியதுதான். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சப்டைட்டில், கேமையும் மென்பொருளையும் ஒரு நாட்டு மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றும் உள்ளூராக்கம் ஆகியவை தனி. சப்டைட்டிலில் இரண்டு வரி, இலத்தீன் எழுத்தில் வரிக்கு ஏறக்குறைய 42 எழுத்து என்ற கட்டுக்குள் நிற்க வேண்டும். சுருக்கத் தெரிந்தவருக்கு நல்ல களம், கூலியில் ஏற்ற இறக்கம் அதிகம். இலக்கிய மொழிபெயர்ப்பு மதிப்பில் உயர்ந்திருக்கிறது. 2016-இலிருந்து சர்வதேச புக்கர் பரிசுத் தொகையை எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் சரிபாதியாகப் பெறுகிறார்கள். ஆனால் அதை மட்டுமே வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் எந்த நாட்டிலும் மிகச் சிலரே. வேறு வேலை பார்த்துக்கொண்டு அன்பினால் செய்வதுதான் பெரும்பாலும்.

கற்பித்தல் இன்னும் உறுதியான வழி. பள்ளிக்கு ஆசிரியர் பயிற்சி வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முதுநிலையும் முனைவர் பட்டமும். தனியார் நிறுவனங்களில் சி1 சான்றிதழோடு ஆரம்பிக்கலாம். ஆய்வுப் பக்கமும் இருக்கிறது, அதில் நமக்கென ஒரு தனி வாய்ப்பும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தொடங்கி அங்கே நடந்த கிறிஸ்தவ மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பாதுகாக்கப்படுகின்றன. அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்தையும் தமிழையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இது பெரிய வேலைச் சந்தை அல்ல. ஆனால் அந்த இடத்துக்கு வரக்கூடியவர்கள் உலகத்திலேயே சிலர்தான், அதில் நீங்கள் ஒருவராக இருக்க முடியும்.

இரண்டாவது வகை, மொழி சேர்க்கையாக இருக்கும் வேலைகள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம். என் மாணவர்களில் பெரும்பாலோரின் முதல் வேலை பன்னாட்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவையிலோ, கணக்கு, காப்பீடு, கொள்முதல் ஆவணங்களை அந்த மொழியில் கையாளும் பிரிவிலோதான் அமைந்தது. அதே வேலையை ஆங்கிலத்தில் செய்பவரைவிடச் சம்பளம் பொதுவாகக் கூடுதல். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் ஒரு கூரை தட்டும். அதற்குள் கணக்கியலோ காப்பீடோ எதையாவது உண்மையாகக் கற்றுக்கொண்டவர்கள் மேலே போனார்கள். மொழியை மட்டும் நம்பி இருந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். இப்போது இயந்திரம் முதலில் நெருங்குவதும் அந்த இருக்கைகளைத்தான்.

வேறு துறையோடு மொழி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் அலுவல் மொழிகள். அங்கே காப்புரிமை விண்ணப்பங்களை ஆராய்பவர்கள் அறிவியலோ பொறியியலோ படித்தவர்கள். ஆனால் மூன்றில் ஒரு மொழியில் சிறந்த தேர்ச்சியும் மற்ற இரண்டைப் புரிந்துகொள்ளும் திறனும் வேண்டும். உறுப்பு நாட்டவருக்குத்தான் அந்தப் பணி என்றாலும், காப்புரிமை ஆவணங்களைச் சுற்றி வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் எங்கும் உண்டு. இரண்டாவது, ஜெர்மனியில் மருத்துவராகப் பணியாற்ற வெளிநாட்டில் படித்தவர் பொது மொழியில் பி2-உம் மருத்துவ மொழியில் சி1-உம் காட்ட வேண்டும். செவிலியருக்குப் பொதுவாக பி2. இங்கே மொழி இல்லாமல் தொழிலே நடக்காது, ஆனால் தொழில்தான் சோறு போடுகிறது. உங்களுக்குப் பொறியியலோ மருத்துவமோ உண்மையாகவே பிடிக்குமென்றால் வீட்டார் சொல்லும் வழி தவறல்ல. பிடிக்காத பொறியியலை நான்கு ஆண்டு இழுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் 2,200 மணி ஜப்பானியமும் படிப்பேன் என்பதுதான் நடக்காத காரியம்.

மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்லும் ஒன்று உங்கள் தமிழைப் பற்றியது. மொழிபெயர்ப்பில் வாடிக்கையாளர் படிப்பது அயல்மொழியை அல்ல, நீங்கள் எழுதிய மொழியை. வேலைக்கு எடுக்கும்போது பலர் தவறுவது அங்கேதான்: ஜெர்மன் வாக்கியம் முழுக்கப் புரிந்திருக்கும், தமிழில் எழுதினால் தமிழ் வாசனையே இருக்காது. தினமும் அரைப் பக்கம் தமிழ் எழுதுங்கள். நல்ல உரைநடையை வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலத்துக்கும் இதுவே. அயல்மொழி எவ்வளவு உயர்ந்தாலும், நீங்கள் எழுதும் மொழி எங்கே நிற்கிறதோ அதற்கு மேல் உங்கள் மொழிபெயர்ப்பு போகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்றால்: மொழியை முதன்மையாக எடுப்பேன், ஆனால் துணைப்பாடம் எடுக்க இடம் தரும் பல்கலைக்கழகத்தில். சட்டம், வணிகவியல், கணினி, உயிரியல், எது பிடிக்குமோ அது ஒன்று. ஜெர்மனா ஜப்பானியமா என்பதில் வேலைச் சந்தையை வைத்து முடிவெடுக்க மாட்டேன். சந்தை ஐந்து ஆண்டில் திரும்பிவிடும், ஆனால் சி1 வரை போகத் தேவையான வாசிப்பை, காசு யாரும் தராதபோதும் நீங்கள் செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த மொழியில் எதைப் படிக்க, எதைக் கேட்க உங்களுக்குத் தானாக ஆசை வருகிறது என்று பாருங்கள். ஜப்பானியம் என்றால் மூன்று ஆண்டோடு நிற்காது, முதுநிலையோ அங்கே போய்ப் படிப்பதோ சேர்த்து ஐந்து ஆண்டு என்று இப்போதே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

துறையில் சேரும் முன் நேரில் போய் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி மொழி வகுப்பு நடக்கிறது, எழுதியதைத் திருத்தித் தருகிறார்களா, அயல்மொழியில் பாடம் நடக்கிறதா அல்லது அயல்மொழியைப் பற்றி ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆங்கிலத்தில்" என்று பதில் வந்தால் வேறு துறை தேடுங்கள். சேர்ந்த பிறகு, ஜெர்மன் என்றால் இரண்டாம் ஆண்டு முடிவில் பி2 தேர்வையும், ஜப்பானியம் என்றால் அதே நேரத்தில் என்3 தேர்வையும் வெளியில் எழுதிவிடுங்கள். வந்துவிட்டால் மூன்றாம் ஆண்டில் மொழிபெயர்ப்பையோ கற்பித்தலையோ நோக்கிப் போகலாம். வரவில்லை என்றால் துணைப்பாடத்தை முதன்மையாக வைத்து, மொழியைச் சேர்க்கையாக வைத்துக்கொள்ள அப்போதும் உங்களுக்கு ஓர் ஆண்டு கையில் இருக்கும்.